மனிதக் கை படாத நிலையம்

கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம் போகும் சாலையில், ஊர் முடிந்து கரும்புக் கொல்லைகள் தொடங்கும் இடத்தில் சாம்பல் நிறத் தகரக் கொட்டகை ஒன்று இருக்கிறது. அதன் நெற்றியில் 'மனிதக் கை படாத வாகனப் புகைத் தூய்மை நிலையம்' என்று பெரிதாக எழுதியிருக்கும். எழுதிய ஆள் ஏணி போட்டு ஏறிக் கையால்தான் எழுதினார். அதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை.

அந்தோணிதாஸ் தன் காரை அங்கே ஓட்டி வந்த காலையில் கல்வராயன் மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. வாசலில் நின்று அவர் திரும்பிப் பார்த்தார். மலை இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. மனதுக்குள் 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தை ஒருமுறை சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.

கார் பழைய அம்பாசடர். பிறக்கும்போது பெட்ரோல் வண்டி. இப்போது அதன் வயிற்றில் இருப்பது ஒரு வேனின் டீசல் எஞ்சின். பின்சீட்டில் பாதியை எடுத்துவிட்டு, ஆள் படுக்கும்படி பலகை அடித்து மெத்தை போட்டிருந்தார். மேடு பள்ளத்துக்காக வண்டியைக் கொஞ்சம் உயர்த்தியிருந்தார். எல்லாவற்றுக்கும் முறைப்படி அனுமதி வாங்கியிருந்தார். இவ்வளவும் எதற்கென்றால், மலைமேல் அவர் குடியிருக்கும் ஆவாரங்காட்டுக்கு ஆம்புலன்ஸ் வராது. ஓடைப் பாலம் வரைக்கும் வரும். அதற்கு மேல் சேறும் பாறையுமான பாதையில் ஏறுகிற ஒரே வண்டி இந்தக் கார்தான். ஆவாரங்காட்டில் இடுப்பு வலி கண்ட பெண்களுக்கெல்லாம் முதலில் ஞாபகம் வருவது இதன் ஹாரன் சத்தம்.

அதனால் அங்கே ஒரு வழக்கம் வந்துவிட்டது. இந்தக் காரில் போய் நல்லபடியாகப் பிள்ளை பெற்றுத் திரும்புகிற பெண், மஞ்சள் துணியில் காசு முடிந்து காரின் முன்கம்பியில் கட்டுவாள். யாரும் சொல்லி வந்த வழக்கமில்லை. முதலில் ஒருத்தி கட்டினாள், பிறகு எல்லோரும் கட்டினார்கள். உள்ளே கண்ணாடியில் அந்தோணிதாஸின் ஜெபமாலை ஆடும். வெளியே மஞ்சள் முடிச்சுகள் ஆடும். இரண்டுக்கும் ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

ஆனால் சோதனைக்கு வரும் வண்டியின் வெளியே எதுவும் தொங்கக் கூடாது என்பது நிலையத்தின் விதி. முந்தின நாள் சாயங்காலம் அவர் மனைவி அமுதா முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தெடுத்தாள். தூக்கிப் போட மனசு வரவில்லை. காலில் படுகிற இடத்தில் வைக்கவும் மனசு வரவில்லை. "வண்டியிலயே பத்திரமா வச்சிட்டேன், தைரியமா போய்க்கினு வாங்க" என்றாள். எங்கே என்று அவரும் கேட்கவில்லை. மலை இறங்குகிற வண்டி தன் பாட்டுக்கு உருண்டு வந்தது. எஞ்சினுக்குப் பெரிய வேலை இல்லை.

நிலையத்துக்குள் எல்லோரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்கள். வாசல் காவலர் பழனி வண்டி எண்ணை வாயால் சொன்னார். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மலர்விழி அதைத் திரும்ப மைக்கில் சொன்னாள். தரையிலிருந்த சங்கிலி ஒன்று கார் சக்கரத்தைப் பிடித்து உள்ளே இழுத்தது. இரும்புக் கரம் ஒன்று வந்து புகைக் குழாயில் குழல் நுழைத்தது. கூரையிலிருந்து பெண் குரல் ஒன்று, ஆக்சிலேட்டரை அழுத்தவும் என்றது. அந்தோணிதாஸ் அழுத்தினார்.

கரும்புகை கிளம்பிக் கொட்டகையே இருண்டது. அவர் வண்டியிலிருந்து அப்படி ஒரு புகையை அவர் பார்த்ததே இல்லை.

"உங்கள் வாகனம் தோல்வியடைந்தது. நன்றி" என்றது குரல்.

சங்கிலி காரை நிறுத்தாமல் பின்முற்றத்துக்கு இழுத்துப் போயிற்று. அங்கே தோற்றுப்போன வண்டிகள் வரிசையாக நின்றன. சிலவற்றின் சீட்டுக்குள்ளிருந்து புல் முளைத்திருந்தது. முற்றத்தின் கடைசியில் வீடு உயரத்துக்கு ஓர் அமுக்கி இயந்திரம். தும் என்று ஒரு சத்தம் வரும். கொஞ்ச நேரம் அமைதி. மறுபடி தும். ஒவ்வொரு தும்முக்கும் வரிசை முன்னே நகர்ந்தது.

அந்தோணிதாஸ் காரிலிருந்து இறங்கி ஓடினார். பானட்டைத் தூக்கிப் பார்க்க ஒரு நிமிடம் விட்டால் போதும், காற்றோ டீசலோ எங்கேயோ அடைத்திருக்கிறது, பார்த்துவிடலாம் என்றார். பானட்டின் மேல் அதற்குள் சிவப்பு நாடா ஒட்டியாகிவிட்டது. குறுக்கே வந்து நின்றவர் காரண ஆய்வாளர் கவியரசன். ஒல்லியான, தூக்கம் கெட்ட கண்கள் கொண்ட மனிதர்.

"தொடாதீங்க. இங்க மனுசக் கை படக் கூடாது" என்றார்.

"என் வண்டிதானே சார்."

"வண்டி உங்களது. தோல்வி எங்களது. காரணத்தை நாங்க கண்டுபிடிப்போம்."

"பானட்டைத் தொறக்காம எப்படி சார் கண்டுபிடிப்பீங்க?"

"அதுக்குத்தான் நான் படிச்சிருக்கேன்" என்றார் கவியரசன்.

நிலையத்தின் தலைவர் ஜெயப்பிரகாஷ். அவரைப் பார்க்க அனுமதி கிடைத்தபோது அவர் மேசைக்குப் பின்னால் கைகளை மடியில் வைத்து, மேசைக்கு மேல் தெரியாதபடி உட்கார்ந்திருந்தார். குரலில் கோபமே இல்லை.

"மிஸ்டர் அந்தோணிதாஸ், முன்னாடி இந்த மாதிரி எடத்துல எல்லாம் லஞ்சம் இருந்திச்சு. நான் யோசிச்சேன். லஞ்சத்த எது வாங்குது? கை. அதனால கையையே எடுத்துட்டோம். வருசா வருசம் எல்லாரும் கை துறப்பு உறுதிமொழி எடுக்கிறோம். இப்ப இங்க லஞ்சம் இல்ல. தப்பு நடந்தாலும் யாரும் செஞ்சதில்ல. யோசிச்சுப் பாருங்க, ஒரு ஆபீசுக்கு இதைவிட என்ன சுத்தம் வேணும்?"

மலையில் செவ்வந்தி என்ற பெண்ணுக்கு மாதம் நெருங்கிவிட்டது என்று அந்தோணிதாஸ் சொன்னார். ஜெயப்பிரகாஷ் கனிவோடு கேட்டுக்கொண்டார். காரணம் தெரிந்தால் கார் திரும்பும், காரணம் தெரியுமுன் அமுக்கியில் அதன் முறை வந்துவிட்டால் அதற்கு மேல் காரணம் தேவைப்படாது என்று விளக்கினார்.

வெளியே வரும்போது கண்ணாடியின் சிறு துளை வழியாக ஒரு டம்ளர் தண்ணீர் நீண்டது. மலர்விழியின் கை. அவர் வாங்கிக் குடித்தார். "சீக்கிரம் குடுத்துடுங்க அண்ணே, கேமரா பாக்கும்" என்றாள் மெதுவாக. கூடத்தின் மூலையில் நின்ற ஓர் இரும்புப் பெட்டியைக் கண்ணால் காட்டினாள். யாராவது எதையாவது தொட்டுவிட்டால் எல்லோரும் அதற்குள் கை நீட்ட வேண்டும். அது தப்புக் கையைக் கண்டுபிடித்துவிடும். கதவெல்லாம் தானாக இறங்கும். பழனிக்கு முன்னால் இருந்த காவலர் ஒரு கிழவரின் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டுக் கொடுத்தாராம். அவரை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

காரண ஆய்வு தொடங்கியது.

முதலில் கவியரசன் காரின் வாழ்க்கை வரலாற்றைக் கேட்டார். பெட்ரோலாகப் பிறந்து டீசலாக வாழ்வதில் அதற்கு மனக்குறை இருக்குமா என்று கேட்டார். இருக்காது என்றார் அந்தோணிதாஸ். எப்படித் தெரியும் என்றார் கவியரசன். அடுத்தமுறை அந்தோணிதாஸை ஒரு குழாயில் ஊதச் சொல்லி, அவர் மூச்சில் கரி இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை. அது சந்தேகத்தை அதிகமாக்கியது. கரி ஓட்டுநரிடம் இல்லையென்றால், அதை அவர் எங்கேயோ இறக்கி வைத்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்?

எங்கே என்று பார்க்க கவியரசன் மலைக்குப் புறப்பட்டார். நிலையத்தின் ஜீப் கச்சிராயபாளையம் தாண்டி ஏற்றத்தில் ஏறியபோது அதன் பின்னால் வந்த ஆடுகள் கண்ணுக்குத் தெரியாமல் போயின. பின்சீட்டில் இருந்த அந்தோணிதாஸ் இருமிக்கொண்டே, இது மட்டும் புகை இல்லையா சார் என்றார்.

"சோதிக்கப்படாததைப் புகைன்னு சொல்லக் கூடாது. இது நிலையத்தோட ஜீப். இதைச் சோதிச்சா எங்க மேல எங்களுக்கே சந்தேகம்னு ஆயிடும்."

ஓடைப் பாலத்துக்கு மேல் ஜீப் ஏறவில்லை. நடந்தார்கள். ஆவாரங்காட்டில் செவ்வந்தி வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கவியரசன் யார், எதற்கு வந்திருக்கிறார் என்று தெரிந்தும், மூச்சு வாங்குகிற மனிதரைப் பார்த்து முதலில் மோரும் பிறகு சாமைச் சோறும் கொடுத்தாள். கவியரசன் கைகளைப் பின்னால் கட்டியபடி சோற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னா சார், கையில அடிபட்டிருக்கா?" என்றாள் அவள். "ஊட்டி வுடவா?"

கவியரசன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கையை முன்னால் கொண்டுவந்தார். வெகுநாள் வெயில் படாத கை போல வெளுத்திருந்தது. கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டு, கைகளை மறுபடி பின்னால் கட்டிக்கொண்டார்.

ஆனால் அவர் தன் வேலையை விட்டுவிடவில்லை. அடுப்பில் விறகு எரிவதைப் பார்த்திருந்தார். மறுநாள் முடிவு அறிவிக்கப்பட்டது: அடுப்புப் புகை பெண்களுக்குள் போகிறது, பெண்கள் காருக்குள் போகிறார்கள், புகை குழாய் வழியாக வெளியே வருகிறது. ஆகவே அந்தக் காரில் ஏறிய எல்லாரும் நிலையத்துக்கு வந்து மூச்சு ஊத வேண்டும். ஒருத்தர் வராவிட்டாலும் கார் அமுக்கிக்குப் போகும். கர்ப்பிணிகளுக்கு விலக்கு இல்லை. வயிற்றில் இருப்பதன் மூச்சை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பது பின்னர் முடிவு செய்யப்படும்.

அறிவிப்பை ஜெயப்பிரகாஷே வாசித்தார். "இது தண்டனை இல்ல. இது ஒரு வாய்ப்பு. மலை ஜனங்களோட மூச்சை இதுவரைக்கும் எந்த அரசாங்கமாவது எண்ணிப் பாத்திருக்கா?" என்றார்.

அவர்கள் வந்தார்கள். இருட்டோடு கிளம்பி பாலம் வரை நடந்து, பஸ் பிடித்து, கைக்குழந்தைகளோடு ஆவாரங்காட்டுப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். யார் சொல்லியும் கேட்காமல் செவ்வந்தியும் வந்திருந்தாள். நான் வரலைன்னா வண்டி போயிடும், வண்டி போயிட்டா எனக்கு அப்புறம் வர்றவளுங்க இன்னா பண்ணுவாளுங்க என்றாளாம். அமுதா அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அன்று ஜெயப்பிரகாஷ் இல்லை. கைகளற்ற நிர்வாகம் என்ற தலைப்பில் பேச விழுப்புரம் போயிருந்தார். மழை வருகிற மாதிரி வானம் கறுத்துக்கொண்டிருந்தது. பெண்கள் ஒவ்வொருவராகக் குழாயில் ஊதினார்கள். ஒவ்வொருத்திக்கும் கூரைக் குரல் நன்றி சொன்னது. பின்முற்றத்தில் தும் என்றது. காரின் முன்னால் இன்னும் ஒரே ஒரு வேன்தான் இருந்தது.

செவ்வந்தியின் முறை வந்தது. ஊதுவதற்காக மூச்சை இழுத்தவள் அப்படியே குனிந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, வலி வந்திட்ச்சு" என்றாள் அமுதாவிடம்.

பழனி ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். அது சீக்கிரமாகவே வந்தது. ஆனால் வாசலைத் தாண்டியதும் தரைச் சங்கிலி அதன் சக்கரத்தைப் பிடித்து வரிசையில் நிறுத்தியது. முன்னால் ஒரு செங்கல் லாரி, அதற்கு முன்னால் கரும்பு டிராக்டர். காத்திருக்கவும், நன்றி என்றது குரல். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஹாரன் அடித்தார். ஒலி மாசு பதிவு செய்யப்பட்டது என்றது குரல்.

அந்தோணிதாஸ் பின்முற்றத்துக்கு ஓடித் தன் காரில் ஏறினார். பின்பக்க வாசல் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். சாவியைத் திருகினார். எஞ்சின் இருமியது, கரும்புகை கக்கியது, அடங்கியது. மறுபடி திருகினார். பேட்டரியும் இறங்கிவிட்டது. செவ்வந்தியைப் பெண்கள் தாங்கிக்கொண்டு வந்து மெத்தையில் படுக்க வைத்தார்கள். அவள் சத்தம் போடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு காரின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அமுக்கி வேனை விழுங்கி முடித்திருந்தது. சங்கிலி காரின் சக்கரத்தைத் தேடிக்கொண்டு தரையில் ஊர்ந்து வந்தது.

அப்போது யாரோ நடந்து வருகிற சத்தம் கேட்டது. மலர்விழி. கண்ணாடிக்குப் பின்னால் இடுப்புக்கு மேல் மட்டுமே பார்த்திருந்த பெண்ணுக்குக் கால்களும் இருந்தன. அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நேராகக் காரின் முன்னால் வந்து, சிவப்பு நாடாவைக் கிழித்து, இரண்டு கைகளாலும் பானட்டைத் தூக்கினாள். மேலே இருந்த கேமரா தலையைத் திருப்பி அந்தக் கைகளைப் பார்த்தது. அதற்குக் கைகளை மட்டும்தான் பார்க்கத் தெரியும். முகத்தைப் பார்க்க யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை.

அமுதா எஞ்சினைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, இன்னாங்க... அந்த ரவுண்டு டப்பா. அதுலதாங்க வச்சேன்."

"எதை?"

"முடிச்சை. நீங்க தொறந்து ஊதித் தொடைக்கறப்போ பாத்திருக்கேன். காலியாத்தானே இருக்கும். சுத்தமா, மூடியோட, சாமி எடம் மாதிரி இருந்திச்சு. அதான்."

அது காற்று வடிகட்டும் டப்பா. எஞ்சின் மூச்சு விடுகிற ஒரே வழி. அந்தோணிதாஸ் மூடியைத் திருகித் திறந்தார். உள்ளே ஆவாரங்காட்டின் அத்தனை பிள்ளைகளுக்குமான நன்றி அழுத்தி அடைத்து வைக்கப்பட்டு, எண்ணெயும் கரியும் ஏறிக் கிடந்தது. ஆய்வாளரின் அறிவு மலை வரை போய்த் தேடிய காரணம் இவ்வளவுதான்.

அவர் மனைவியைத் திட்டவில்லை. திட்ட என்ன இருக்கிறது? "எடுங்க" என்றார். மலர்விழியும் பெண்களும் கை விட்டு அள்ளினார்கள். இது என்னுது, இது உன்னுது என்று அந்த அவசரத்திலும் ஒவ்வொருத்தியும் தன் முடிச்சை அடையாளம் கண்டு எடுத்துக்கொண்டாள். மணிக்கட்டு வரை எல்லோர் கையும் கறுத்தது. டப்பா காலியானது.

"தள்ளணும்" என்றார் அந்தோணிதாஸ்.

பழனி கைகளை முன்னால் கொண்டுவந்து, புகைக்கரி அப்பியிருந்த காரின் முதுகில் வைத்தார். கவியரசன் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் உதடு விதியை முணுமுணுத்தது. மெத்தையிலிருந்து செவ்வந்தி தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"சார், சோறு தின்ன கைதானே" என்றாள்.

கவியரசனும் வந்து தள்ளினார். சங்கிலி சக்கரத்தைத் தொடுவதற்கு ஒரு சாண் இருக்கும்போது கார் உருண்டு, உதறி, உயிர் பெற்றது. பின்வாசலிலும் ஓர் இரும்புக் கரம் உண்டு. அது பழக்கத்தில் குழாயை முகர்ந்து பார்த்தது. உங்கள் வாகனம் தேர்ச்சி பெற்றது, நன்றி என்றது குரல். அந்தோணிதாஸ் நின்று கேட்கவில்லை.

அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டு வாசலில் காரை நிறுத்திய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பெண் குழந்தை பிறந்தது. மழையும் அப்போதுதான் கொட்டத் தொடங்கியது. அமுதா வராந்தாவில் முழங்காலிட்டு ஜெபித்தாள். பக்கத்தில் மலைக்காரப் பெண்கள் கிழக்கே பார்த்துக் கும்பிட்டார்கள். ஆஸ்பத்திரி சோப்பில் யார் கைக்கறுப்பும் போகவில்லை.

மறுநாள் காலை அந்தோணிதாஸ் காரை நிலையத்துக்குத் திரும்பக் கொண்டுபோனார். நாடா ஒட்டிய வண்டியைச் சொல்லாமல் எடுத்தது தப்புதான், சொல்லிவிட்டு வருகிறேன் என்றார். அவரைத் தனியாக விட மனமில்லாமல் பெண்களும் கூடவே வந்தார்கள்.

ஜெயப்பிரகாஷ் கூடத்தில் காத்திருந்தார். கழுத்தில் விழுப்புரத்தில் போட்ட சந்தன மாலை அப்படியே இருந்தது. இரும்புப் பெட்டி திறந்து வைக்கப்பட்டிருந்தது. எப்போதும் போலக் கோபம் இல்லாமல் பேசினார்.

"ஒரு கை இந்த நிலையத்தைக் களங்கப்படுத்தியிருக்கு. குழந்தை பொறந்தது சந்தோஷம். அது வேற துறை. நாம எல்லாரும் ஒண்ணு. ஆனா தப்பு செஞ்ச கை என்னிக்கும் மத்த கைங்களோட சேராது, தனியாத் தெரியும். இந்தக் கருவி அதைத்தான் தேடும். எனக்கும் விலக்கு இல்ல. விதியை எழுதினவனே நான்தான்."

வரிசை நின்றது. மலர்விழியின் முகத்தில் ரத்தமே இல்லை. அவள் விரல் இடுக்குகளில் கறுப்பு அப்படியே இருந்தது. அவள் கை நீட்டினாள். பெட்டி உறுமியது. அடுத்து பழனி, கறுப்புக் கை. கவியரசன், கறுப்புக் கை, நகக்கண்ணில் இன்னும் கொஞ்சம் அதிகம். அமுதா, அந்தோணிதாஸ், பிறகு ஆவாரங்காட்டுப் பெண்கள் ஒவ்வொருத்தியாக. எல்லாம் மணிக்கட்டு வரை ஒரே கறுப்பு. பெட்டி ஒவ்வொன்றையும் மற்றதோடு ஒப்பிட்டுப் பார்த்து அமைதியாகிவிட்டது.

கடைசியாக ஜெயப்பிரகாஷ், எல்லோருக்கும் முன்மாதிரியாக, சட்டைக் கையை மடித்துவிட்டுக் கொண்டு நீட்டினார். வெள்ளைக் கை. மென்மையான, நல்ல கை. ஒரு கீறல் இல்லை.

"பொருந்தாத கை ஒன்று கண்டறியப்பட்டது. நன்றி" என்றது குரல்.

மற்றவர்களைப் பெட்டி ஒரு சிவப்புக் கோட்டுக்கு அப்பால் நகரச் சொன்னது. கூடத்தின் இரும்புக் கதவுகள் மேலிருந்து இறங்கத் தொடங்கின. "இது பிழை. நான் தலைவர். ஒரு கை வந்து இதை நிறுத்தணும்" என்றார் ஜெயப்பிரகாஷ். நிறுத்துகிற பொத்தான் அங்கே இல்லை. கை படும் என்று அவரேதான் அதை எடுத்துவிடச் சொன்னவர். தூரத்தில் தும் என்றது.

எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். அந்தோணிதாஸ் மட்டும் திரும்பிப் போய், இறங்கிக்கொண்டிருந்த கதவுக்கு அடியில் மண்டியிட்டு, தன் கறுத்த கையை உள்ளே நீட்டினார்.

"சார், என் கையைப் புடிங்க. கறுப்பு ஒட்டிக்கும். அப்புறம் பெட்டியில காட்டலாம்."

ஜெயப்பிரகாஷ் அந்தக் கையைப் பார்த்தார். பழக்கம் விடவில்லை, அவர் கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டன.

"புடிங்க சார்" என்றார் அந்தோணிதாஸ் மறுபடியும். கதவு இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கையை எடுக்கவில்லை.